குடுக்கிறதுக்குன்னே தனியா சேத்து வைக்கிறது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் ஒரு கூட்டுறவு கடன் சங்கத்துல நகைக்கடன் கவுன்டர்ல வேலை பாக்கிறேன், அதனால பணத்தப் பத்தி சந்தேகம்னா தெருவுல, கல்யாண வீட்டுல, பஸ்ல கூட என்னைப் பிடிச்சுக் கேப்பாங்க. அதுலயும் "நாலு பேருக்கு செய்யணும்னு ஆசை தான், கையில இருக்கணுமே"ங்கிற பேச்சு தான் அதிகம். நான் சொல்றதும் எப்பவும் ஒண்ணு தான், மாசா மாசம் குடுக்கிறதுக்குன்னே ஒரு தொகைய முன்னாடியே எடுத்து தனியா வச்சிருங்க. அப்படி சொன்னதும் வர்ற கேள்விகள கேட்டவங்க வார்த்தையிலயே கீழ போட்டிருக்கேன்.

சேத்து வைக்கிறவன் கஞ்சன், அள்ளிக் குடுக்கிறவன் தாராளம். ரெண்டையும் எப்படிங்க ஒண்ணா முடிச்சு போடுறீங்க?

கவுன்டர்ல பாக்கிறத சொல்றேன். நகை அடகு வைக்க வர்றவங்கள்ல நிறைய பேரு தனக்காக வரல. தம்பி ஆபரேஷன், அக்கா பொண்ணு காலேஜ் பீஸ், இப்படித்தான். ஒரு அம்மா பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஆஸ்பத்திரி அட்வான்ஸ் கட்டணும்னு வந்து நின்னாங்க, தோட்ட கழட்டி தராசுல வச்சுட்டு, காது ஓட்டை தூந்துடக் கூடாதுன்னு முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த வேப்பங்குச்சிய எடுத்து ரெண்டு காதுலயும் சொருகிக்கிட்டாங்க. வீட்டுல இருந்து கிளம்பும்போதே குச்சிய ஒடிச்சு எடுத்துட்டு வந்திருக்காங்க. அந்த மனசுல என்ன குறை இருக்கு? கையில ரெடியா பணம் இல்ல, அவ்ளோ தான்.

கணக்க பாருங்க. 30,000 ரூபாய்க்கு நகை வச்சா, வருஷத்துக்கு 10 சதவீதம்னு வச்சுக்கிட்டாலே 3,000 வட்டி. அதே 30,000 மாசம் 500ன்னு எடுத்து வச்சா அஞ்சு வருஷத்துல சேந்துடும், வட்டி நமக்கு வரும், நாம கட்ட வேண்டாம். சேத்து வச்சு கடைசி வரைக்கும் தொறக்காதவனத் தான் கஞ்சன்னு சொல்லணும். குடுக்கணும்னே சேக்கிறவங்கள அந்தக் கணக்குல சேக்காதீங்க.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்"னு பெரியவங்களே சொல்லிருக்காங்களே?

சொல்லிருக்காங்க, நான் மறுக்கல. ஆனா எதுவும் தானா மிஞ்சாது. சம்பளம் 15,000ல இருந்து 25,000 ஆச்சுன்னா பின்னாடியே ஒரு போன் இஎம்ஐ, ஒரு பைக் இஎம்ஐ வந்து நிக்குது, மாசக் கடைசியில அதே பழைய 200 ரூபா தான் சட்டப் பையில. மிஞ்சினா குடுப்போம்னு உக்காந்திருந்தா அந்த நாள் வரவே வராது.

நம்ம ஊர் பிடி அரிசி வழக்கத்த நினைச்சுப் பாருங்க. உலை வைக்கிறதுக்கு அரிசி அளந்ததும் அதுல ஒரு பிடி எடுத்து தனிப் பானையில போட்டுடுவாங்க, மாசக் கடைசியில அது அன்னதானத்துக்குப் போகும். தெக்கத்தி சர்ச்சுகள்லயும் கைப்பிடி அரிசின்னு இதே வழக்கம் உண்டு. மிஞ்சிப்போன சோத்த யாரும் அந்தப் பானையில போடல, பொங்குறதுக்கு முன்னாடியே எடுத்தாங்க. வடலூர்ல வள்ளலார் 1867ல ஆரம்பிச்ச தர்மசாலையில இன்னை வரைக்கும் அடுப்பு அணையாம எரியுதுன்னா, ஊர் ஊரா அரிசியும் காய்கறியும் இப்படி ஒதுங்கி வந்து சேர்றதால தான்.

என் சம்பளம் 14,000. ரெண்டு பிள்ளைங்க. நான் போய் என்னத்த ஒதுக்குறது?

நூறு ரூபா. போஸ்ட் ஆபீஸ் ஆர்டியே மாசம் 100 ரூபாயில ஆரம்பிக்கலாம், ஆனா வருஷா வருஷம் எடுத்துக் குடுக்கணும்னா சேவிங்ஸ் அக்கவுன்ட்ல போடுங்க. வருஷத்துக்கு 1,200 வருது, ஜூன் மாசம் ஸ்கூல் தொறக்கும்போது ஒரு பிள்ளைக்கு நோட்டு, பை, ஜியாமென்ட்ரி பாக்ஸ் எல்லாம் வாங்கிக் குடுக்கலாம், அந்த வீட்டுக்கு அது சின்ன உதவி இல்லங்க. ஆனா மளிகைக் கடையில உங்க பேர்ல கடன் நோட்டு ஓடிட்டு இருந்தா முதல்ல அத அடைங்க, அப்புறம் ஆரம்பிக்கலாம்.

ஒரு சதவீதம் சொல்லிடுங்களேன், எவ்ளோ ஒதுக்கணும்?

பொதுவா ஒரு நம்பர் சொல்ல எனக்கு மனசு வரல. கிறிஸ்தவங்க தசமபாகம்னு வருமானத்துல பத்துல ஒரு பங்கு எடுக்கிறாங்க. முஸ்லிம்கள் ஜகாத் 2.5 சதவீதம் குடுக்கிறாங்க, அதுல கவனிக்க வேண்டிய விஷயம், அது மாச சம்பளத்துக்கு இல்ல, குறிப்பிட்ட அளவுக்கு மேல ஒரு வருஷம் கையில தங்கின சொத்துக்குத் தான், அதாவது சேத்து வச்சவங்க தான் ஜகாத் குடுக்கிற நிலைக்கே வர முடியும். சேமிப்பையும் கொடையையும் இவ்ளோ நேரடியா பிணைச்சு வச்சது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது, நின்னு போகாம ஒரு வருஷம் கட்டக்கூடிய தொகை எதுவோ அது. 2,000னு ஆரம்பிச்சு மூணாவது மாசம் விடுறத விட 300ன்னு விடாம கட்டுறது மேல். சம்பளம் ஏறும்போது ஏத்துங்க.

எனக்கே கடன் இருக்கு. அத முடிச்சுட்டுத் தானே அடுத்தவங்களுக்கு?

எந்தக் கடன்னு பாக்கணும். வெளியில அஞ்சு வட்டிக்கு வாங்கிருக்கீங்கன்னா அது மாசத்துக்கு 5 சதவீதம், வருஷத்துக்கு 60. மூணு வட்டின்னா 36. கிரெடிட் கார்டு பாக்கியும் கிட்டத்தட்ட இந்த ரகம் தான். இந்த மாதிரி கடன் ஓடும்போது பேங்க்ல சேத்து வச்சு குடுக்கப் போறேன்னு நின்னா, ஒரு கையால குடுக்கிற நூறுக்கு இன்னொரு கையால வட்டி அழுதுட்டு இருப்பீங்க. முழு மூச்சா அத முடிங்க, முடிஞ்ச அடுத்த மாசமே அந்தக் கடனுக்கு கட்டிட்டு இருந்த தொகையில ஒரு பகுதிய இந்தப் பக்கம் திருப்புங்க, அது ஏற்கனவே நீங்க செலவு பண்ணாம பழகின காசு.

வீட்டுக் கடன், படிப்புக் கடன் மாதிரி வருஷக்கணக்குல ஓடுறது வேற. அது முடியுற வரைக்கும் காத்திருந்தா உங்களுக்கு ரிட்டயர்மென்ட்டே வந்துடும். தவணை ஒழுங்கா போகுதுன்னா தாராளமா ஆரம்பிக்கலாம்.

முதல்ல எனக்கு ஆத்திர அவசரத்துக்கு சேக்கணுமா, இல்ல இதையா?

உங்களுக்குத் தான் முதல்ல. மூணு மாச வீட்டுச் செலவு கைக்கெட்டுற இடத்துல இருக்கட்டும். நாம விழுந்தா நம்மள தூக்க வர்றது அண்ணனோ மச்சானோ தான், அவங்க அன்னைக்கு நகைய தூக்கிட்டு என் கவுன்டருக்கு வராம இருக்கிறதும் நீங்க அவங்களுக்கு செய்யுற உதவி தான். ஆனா அது முழுசா சேர்ற வரைக்கும் மத்தத தொடவே மாட்டேன்னு இருக்காதீங்க, மேல சொன்ன நூறு ரூபாய கூடவே நடத்துங்க. பழக்கம் விட்டுப் போயிடக் கூடாது.

அந்தப் பணத்த எங்க வைக்கிறது? அலமாரியில வச்சா நானே எடுத்துடுறேன்.

சம்பளம் வர்ற அக்கவுன்ட்ல வைக்காதீங்க. வேற பேங்க்ல ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட், அத ஜிபே, போன்பே எதுலயும் இணைக்காதீங்க, சம்பளம் வந்த மறுநாள் தானா அங்க போற மாதிரி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் குடுத்துடுங்க. உதவின்னு வர்றதுல பாதி ராத்திரி ரெண்டு மணிக்கு வரும், ஆம்புலன்சு, அட்மிஷன், ஐஸ் பெட்டின்னு, அதனால ஒரு பகுதி உடனே எடுக்கிற மாதிரி இருக்கணும். மீதிய ஆர்டியில போடலாம். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி அஞ்சு வருஷம், மூணு வருஷம் கழிச்சு தான் நடுவுல முடிக்க விடுவாங்க, ஆனா விடாம ஒரு வருஷம் கட்டிருந்தா கட்டினதுல பாதி வரைக்கும் கடனா எடுக்க வழி இருக்கு. பேங்க்ல போட்டா ஒரு பேங்க்ல ஒருத்தருக்கு 5 லட்சம் வரைக்கும் டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டு, 2020ல இருந்து.

அதுக்கு பதிலா சீட்டு போட்டா என்ன? கூட வருமே?

பதிவு பண்ணின சீட்டா இருந்தா, அதாவது 1982 சீட்டு நிதி சட்டப்படி நடக்குறதுன்னா, உங்க சொந்த சேமிப்புக்கு போட்டுக்கோங்க. தெருவுல நோட்டு வச்சு நடத்துற சீட்டும், ஊர் பேர் தெரியாத தீபாவளி ஃபண்டும் வேண்டவே வேண்டாம். அடுத்தவன் அவசரத்துக்குன்னு ஒதுக்கின காச அதிக லாபத்துக்கு ஓட விடாதீங்க, ஒரு குடும்பம் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற அன்னைக்கு நம்ம காசு நம்ம கைக்கு வரணும்.

மாசம் நாலு மொய் வைக்கிறேன். அதுவே குடுக்கிறது தானே?

மொய் நல்ல வழக்கம், நான் குறைச்சு பேச மாட்டேன், ஆனா அது திரும்பி வர்ற கணக்கு. புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம், வடகாடு, இந்தப் பக்கம் பேராவூரணி, அங்கெல்லாம் ஆடி மாசம் மொய் விருந்து நடக்கும், பந்தல்ல ஆட்டுக்கறி சாப்பாடு, வாசல்ல வரிசையா டேபிள் போட்டு எழுதுவாங்க, யார் எவ்ளோ வச்சாங்கன்னு நோட்டுல ஏறிடும், அவங்க வைக்கும்போது இவங்க கொஞ்சம் கூட்டி திருப்பி செய்யணும். வட்டியில்லாம ஊரே சேந்து ஒருத்தர தூக்கி விடுறது, அதுல எத்தனையோ பேரு கடை வச்சிருக்காங்க, போர் போட்டிருக்காங்க, பிள்ளைய படிக்க வச்சிருக்காங்க. இருந்தாலும் அது கொடுக்கல் வாங்கல் தான்.

அதனால மொய்க்கு தனி ஒதுக்கீடு வைங்க. உங்க பழைய மொய் நோட்ட எடுத்து வர்ற வருஷம் யார் யார் வீட்டுல விசேஷம்னு பாத்தா தோராயமா ஒரு தொகை கிடைக்கும், அத பன்னெண்டால வகுத்து மாசா மாசம் எடுத்து வச்சா ஆவணியிலயும் தையிலயும் அடகுக் கடைக்கு ஓட வேண்டாம். திருப்பித் தரவே முடியாதவங்களுக்கு செய்யுறதுக்குத் தான் நான் சொல்ற தனிக்கணக்கு.

சொந்தக்காரங்க கடனா கேக்குறாங்க. இந்தப் பணத்துல இருந்து குடுக்கலாமா?

குடுக்கலாம், ஆனா திரும்பி வரலன்னா உறவு கெடாத அளவு எவ்ளோவோ அவ்ளோ மட்டும். மச்சான் ஒரு லட்சம் கேட்டா "கடனா என்னால முடியாது மச்சான், இந்த 15,000 இருக்கு, இத திருப்பித் தர வேண்டாம்"னு குடுத்துப் பாருங்க. அவருக்கும் சுமை இல்ல, உங்களுக்கும் நாளைக்கு அவர் புது பைக்குல போறத பாத்து வயிறு எரிய வேண்டாம்.

கடனாத் தான் குடுக்கணும்னா முறையா குடுங்க. 20,000 அல்லது அதுக்கு மேலன்னா ரொக்கமா கை மாறக் கூடாது, பேங்க் வழியா போகணும், அது வருமான வரி சட்டம். புரோநோட்டுக்கு காலக்கெடு 3 வருஷம், அதுக்குள்ள ஒரு தொகை வாங்கி பின்னாடி வரவு எழுதி கையெழுத்து வாங்கினா அன்னையில இருந்து மறுபடி 3 வருஷம்.

பணம் தர வேண்டாம், ஜாமீன் கையெழுத்து மட்டும் போடுங்கன்னு கேக்குறாங்க. காசா பணமா, போட்டா என்ன?

முழுக் காசும் அதுல தான் இருக்கு. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் 128வது பிரிவுப்படி வேற மாதிரி எழுதி வைக்கலன்னா கடன் வாங்கினவருக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும். அவர் கட்டலன்னா நேரா உங்ககிட்ட வரலாம். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி "இந்த முழுத் தொகையையும் நானே கட்ட முடியுமா"ன்னு கேளுங்க, முடியாதுன்னா போடாதீங்க. வேண்டாம்னு சொல்ல கஷ்டமா இருந்தா, அதுக்கும் தனிக்கணக்கு உதவும். "கையெழுத்து போட மாட்டேன், இந்த 5,000 என்னால ஆனது"ன்னு சொன்னா வெறுங்கையோட மறுத்ததா ஆகாது.

வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டேங்குறார். "நம்ம பிள்ளைக்கு சேக்காம ஊருக்கு சேக்குறியா"ன்னு சண்டை.

ஒளிச்சு செய்யாதீங்க, தெரிய வரும்போது பணத்த விட அந்த ஒளிச்சது தான் பெருசா தெரியும். நோட்டப் போட்டு உக்காருங்க, பிள்ளைக்கு இவ்ளோ, அவசரத்துக்கு இவ்ளோ, இதுக்கு இவ்ளோன்னு எழுதிக் காட்டுங்க. எழுதிப் பாத்தா இது எப்பவும் ரொம்பச் சின்ன தொகையாத் தான் இருக்கும், பாதி சண்டை அங்கயே அடங்கிடும். யாருக்குக் குடுக்கலாம்னு அவரையும் கேளுங்க, அவங்க அம்மா வழியில யாராவது கஷ்டப்படுறவங்க கட்டாயம் இருப்பாங்க.

பிள்ளைங்களயும் சேத்துக்கோங்க. 2018 கேரள வெள்ளத்தப்ப விழுப்புரத்துல ஒரு சின்னப் பொண்ணு சைக்கிள் வாங்கணும்னு நாலு வருஷமா உண்டியல்ல சேத்த காச அப்படியே வெள்ள நிவாரணத்துக்குக் குடுத்தா, ஒரு சைக்கிள் கம்பெனி அவளுக்கு புது சைக்கிளே குடுத்தாங்க, செய்தியில எல்லாம் வந்துச்சு. சைக்கிள் வந்தத விட எனக்கு அந்த நாலு வருஷம் தான் பெருசா படுது. உண்டியல்னு ஒண்ணு இருந்ததால தான் அந்த வயசுல அவ கையில குடுக்க ஏதோ இருந்துச்சு.

வாட்ஸ்அப்ல "குழந்தைக்கு ஆபரேஷன், உதவுங்கள்"னு வருது. உண்மையா பொய்யான்னு எப்படி தெரியும்?

கையில ஒதுக்கின பணம் இருந்தா அவசரப்பட மாட்டீங்க, அது ஒரு நல்லது. அதுல சொல்லிருக்கிற ஆஸ்பத்திரியோட நம்பர நீங்களே வெளியில தேடி எடுத்து பில்லிங்ல பேசுங்க, நோயாளி பேரும் ஐடியும் சரியான்னு கேளுங்க, முடிஞ்சா பணத்த ஆஸ்பத்திரி அக்கவுன்ட்டுக்கே நேரா கட்டுங்க. வருஷம் பழசான ஃபார்வர்டுங்க நிறைய சுத்துது.

தெரிஞ்ச குடும்பம்னா பணத்துக்கு முன்னாடி இத கேளுங்க: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா? வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் சிகிச்சை கிடைக்கும். அட்டை எடுக்காம இருக்கிறவங்க நிறைய. வருமானச் சான்று வாங்க கூட அலைஞ்சு, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் உங்க தனிக்கணக்குல இருந்து 1,000 செலவு பண்ணினீங்கன்னா அந்த ஆயிரம் அஞ்சு லட்சம் வேலை செய்யும்.

டிரஸ்டுக்கு குடுத்தா வரி குறையுமா?

பழைய வரி முறையில இருந்தா மட்டும். நன்கொடைக்கு கிடைக்கிற வரிக் கழிவத் தான் 80ஜின்னு சொல்றது, அந்த அனுமதி உள்ள டிரஸ்டா இருக்கணும், 2,000க்கு மேல ரொக்கமா குடுத்தா கழிவு கிடையாது, அரிசி துணியா குடுத்தாலும் கிடையாது. 2023 ஏப்ரல்ல இருந்து நீங்களா மாத்திக்கலன்னா புது முறை தான், அதுல இந்தக் கழிவு இல்ல. பெரும்பாலான டிரஸ்டுக்கு குடுத்ததுல பாதிக்குத் தான் கழிவு, நூறு ரூபா குடுத்தா திரும்பி வர்றது பத்தோ பதினஞ்சோ தான், அதுக்காக யாருக்குக் குடுக்கணும்ங்கிறத மாத்திக்காதீங்க.

தனியா 200 ரூபா வச்சு என்ன ஆகப் போகுது? நாலு பேரு சேந்து பண்ணலாமா?

பண்ணுங்க, அது தான் நல்லா வேலை செய்யுது. பத்து பேரு 200 போட்டா மாசம் 2,000, வருஷத்துக்கு 24,000. மகளிர் குழுவ பாருங்க, 1989ல தருமபுரியில ஆரம்பிச்சு தமிழ்நாடு முழுக்க பரவினது, முதல்ல சிறுகச் சிறுக சேக்கணும், அப்புறம் தான் உள்ளுக்குள்ள கடன். அந்த ஒழுங்க அப்படியே எடுத்துக்கோங்க, மாசம் ஒரே தேதி, ரெண்டு பேர் கையெழுத்து இல்லாம பணம் வெளிய போகக் கூடாது, வரவு செலவ எல்லாரும் பாக்கிற மாதிரி குரூப்ல போடணும். யாருக்குக் குடுத்தோம்ங்கிற பேர மட்டும் குரூப்ல போடாதீங்க, வாங்கினவங்களும் அதே தெருவுல தான் நடக்கணும்.

பாலம் கல்யாணசுந்தரம் சம்பளம் முழுக்க குடுத்தாரே, அவர் என்ன சேத்து வச்சா குடுத்தார்?

நல்ல கேள்வி, இத கேட்டவர் ஒரு வாத்தியார். ஸ்ரீவைகுண்டம் காலேஜ்ல 30 வருஷத்துக்கு மேல நூலகரா இருந்தவர், சம்பளத்த குடுத்துட்டு தன் சாப்பாட்டுக்கு ஓட்டல்ல சர்வர் வேலை வரைக்கும் பாத்தார், 2023ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அவர் கல்யாணமே பண்ணிக்கல. அதனால தான் தன் செலவ அவ்ளோ கீழ இறக்க முடிஞ்சுது. அவர் பேங்க்ல சேக்காம இருந்திருக்கலாம், ஆனா தன் மேல செலவு பண்ணாம விட்ட ஒவ்வொரு ரூபாயும் சேமிப்பு தான், அது அன்னைக்கே இன்னொருத்தர்கிட்ட போய் சேந்துச்சு. பிள்ளைகுட்டி இருக்கிற நம்மால அந்த அளவுக்கு முடியாது, முடியலயேன்னு குறுகவும் வேண்டாம்.

அப்பா அம்மாவுக்கு மாசம் அனுப்புறது இதுல சேருமா?

சேராதுன்னு தான் நான் சொல்வேன். அது கடமை, வாடகை, கரண்டு பில் மாதிரி முதல் வரியில போடுங்க. இதுல சேத்தீங்கன்னா "நான் தான் குடுக்கிறேனே"ங்கிற நினைப்பு பெத்தவங்ககிட்டயே வந்துடும். ஒரு சித்தி, ஒரு பெரியப்பா, பிள்ளைங்க கவனிக்காம இருக்காங்கன்னா அவங்களுக்கு இதுல இருந்து தாராளமா.

எனக்கே பெரிய கஷ்டம் வந்துருச்சு. குடுக்கிறதுக்குன்னு ஒதுக்கினத நானே எடுத்தா பாவமா?

முதல்ல உங்க அவசர நிதிய எடுங்க, அத பத்தி மேலயே சொல்லிருக்கேன். அதுவும் தீந்துருச்சுன்னா இத எடுங்க, அஞ்சு வட்டிக்கு வெளியில போய் நிக்கிறத விட ஆயிரம் மடங்கு மேல். உண்டியல்ல போடுறதா சாமிக்கு வேண்டிக்கிட்டதும் ஜகாத்துன்னு கணக்கு பண்ணினதும் மட்டும் வேற, அத உங்க பெரியவங்ககிட்ட கேட்டுட்டு தொடுங்க.

யாராவது உதவ வந்தா அதையும் வாங்கிக்கோங்க, கூச்சப்படாதீங்க, நீங்க குடுத்தப்ப அவங்க வாங்கினாங்க இல்லையா. எடுத்த தேதியையும் தொகையையும் நோட்டுல எழுதி வைங்க. நிலைமை சரியானதும் பழைய தொகையிலயே திரும்ப ஆரம்பிங்க, ஒரே மாசத்துல ரொப்பிடணும்னு இன்னொரு கடன் மட்டும் வாங்கிடாதீங்க.